கடலடியின் ஆபத்து கரையில் தொடங்குகிறது

ஸ்கூபா முக்குளிப்பில் இறந்தவர்களின் மரணச் சான்றிதழ்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தைத்தான் சொல்கின்றன: நீரில் மூழ்கி இறந்தார். அது பொய் அல்ல. ஆனால் அதிலிருந்து அடுத்தவர் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. நீருக்கடியில் எந்தக் காரணத்தால் ஒருவர் நினைவிழந்தாலும், மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும், நுரையீரலுக்குள் நீர் புகும், பிரேதப் பரிசோதனையில் அந்த நீரே கண்ணில் படும். மாரடைப்பு வந்தவர், சிலிண்டரில் காற்று தீர்ந்தவர், கைவிடப்பட்ட மீன்வலையில் சிக்கியவர் என எல்லோருக்கும் ஒரே முடிவுரை எழுதப்பட்டுவிடுகிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பில் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதில் பொதுமக்களிடம் மட்டுமன்றி, முக்குளிப்பவர்களிடமே நிலவும் குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம். சுறாவுக்குப் பயப்படுகிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிடும் நோய்க்குப் பயப்படுகிறார்கள். உண்மையில் உயிரைப் பறிப்பவை வேறு.

அவை எவை என்று தேடிய முக்கியமான முயற்சி 2008-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 1980-இல் தொடங்கிய 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' என்னும் அமைப்பின் ஆய்வாளர்கள், பீட்டர் டெனோபிள் தலைமையில், 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 மரணங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் பிரித்து நான்கு கட்டங்களாக்கினார்கள்: முதலில் தடம்புரளச் செய்த நிகழ்வு, பிறகு நிலைமையைக் கைமீற வைத்த செயல், அதனால் உடலுக்கு நேர்ந்த கேடு, கடைசியாக மரணக் காரணம். எல்லா மரணங்களிலும் எல்லாக் கட்டங்களும் தெரியவரவில்லை. தெரியவந்தவற்றுள், முதல் நிகழ்வு 41 விழுக்காட்டில் காற்று போதாமை, 20 விழுக்காட்டில் எங்காவது சிக்கிக்கொண்டது, 15 விழுக்காட்டில் கருவிச் சிக்கல். கைமீற வைத்த செயல்களில் பாதிக்கும் மேல், அதாவது 55 விழுக்காடு, பதறி அவசரமாக மேலேறியது. உடற்கேடுகளில் மூச்சடைப்பு 33, நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழி ரத்தக்குழாயில் புகுந்தது 29, இதயக் கோளாறு 26 விழுக்காடு. பயிற்சி நூல்களில் அதிகப் பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும், நைட்ரஜன் குமிழிடும் அந்த அழுத்தக்குறைவு நோய் சுமார் 2.5 விழுக்காடுதான்.

இந்த எண்களை நான் இப்படிப் படிக்கிறேன்: உயிரைக் காக்கும் முடிவுக்கு, ஆபத்து தெரியவரும் நேரத்தில் இடமே இருப்பதில்லை. காற்று தீர்ந்தபின் நல்ல முடிவு என்று ஒன்று அநேகமாக மிச்சமிருக்காது. இதயம் தடுமாறத் தொடங்கியபின் 20 மீட்டர் ஆழத்தில் எடுக்க எந்த முடிவும் இல்லை. ஆகவே முடிவுகளை முன்னுக்கு இழுக்க வேண்டும். கடலடியில் எடுக்கும் முடிவைப் படகிலும், படகில் எடுக்கும் முடிவைக் கரையிலும், கரையில் எடுப்பதை வீட்டிலும் எடுத்தாக வேண்டும். முக்குளிப்பின் பாதுகாப்பு என்பது திறமையை விடவும் கருவியை விடவும் இந்த நேர ஒழுங்கைச் சார்ந்தது.

காற்றிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிற இடம் அது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று இருக்கும். நிதானமாக நீந்துபவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 லிட்டர் மூச்சிழுக்கிறார் என்று கொள்வோம். கரையில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சிலிண்டர் 2 மணி நேரம் வரும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ரெகுலேட்டர் சுற்றியுள்ள அழுத்தத்துக்குச் சமமாகவே காற்றைத் தருவதால், 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று செலவாகும், சிலிண்டர் 40 நிமிடத்தில் தீரும். 30 மீட்டரில் 30 நிமிடம். எதிர்நீரோட்டம், பதற்றம் என்று எது வந்தாலும் மூச்சு இரட்டிக்கும், நேரம் பாதியாகும். '50 பார் மிச்சத்தோடு மேலே வா' என்பது பரவலாகச் சொல்லப்படும் விதி. அதைக் கீழேயே 50 பார் வரும்வரை இருக்கலாம் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். 50 பார் என்றால் 600 லிட்டர். 30 மீட்டரில் கூட வந்தவரின் காற்று தீர்ந்து, இருவரும் ஒரே சிலிண்டரில் சுவாசிக்க நேர்ந்தால், பதறிய இருவரின் தேவை மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 80 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற பாதுகாப்பான வேகத்தில் ஏற 3 நிமிடத்துக்கு மேலாகும், வழியில் சராசரி அழுத்தம் 2.5 மடங்கு. பெருக்கினால் 660 லிட்டரைத் தாண்டுகிறது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நின்று செய்ய வேண்டிய 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தை இதில் சேர்க்கவே இல்லை. அதாவது 30 மீட்டரில் 50 பார் என்பது இருவருக்குப் போதாத காற்று. திரும்ப வேண்டிய நேரம் அதற்கு வெகு முன்பே கடந்துபோயிருக்கிறது. அந்த நேரத்தை அழுத்தமானியின் முள் தானாகச் சொல்லாது. இறங்கும் முன் கணக்குப் போட்டுவைத்த எண்தான் சொல்லும்.

இன்னும் ஆழத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: இலங்கையில் மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. உலகெங்கிலுமிருந்து அதைக் காண வருகிறார்கள். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். 53 மீட்டரில் மேலே சொன்ன அதே சிலிண்டர், நிதானமாகச் சுவாசித்தாலே, 20 நிமிடம்கூடத் தாங்காது. நைட்ரஜன் மூளையை மயக்குவது 30 மீட்டரை ஒட்டியே பலருக்குத் தெரியத் தொடங்கும். ஐம்பதைத் தாண்டினால் அழுத்தமானியைப் பார்த்தும் அதன் பொருள் மனதில் பதியாமல் போகலாம். முடிவெடுக்கும் உறுப்பே மங்கிவிடும் இடத்தில் முடிவெடுப்பதை வைத்துக்கொள்ள முடியாது. அந்தக் கப்பலுக்கு முறையான தொழில்நுட்பப் பயிற்சியும் வேறு வாயுக் கலவைகளும் இரட்டைச் சிலிண்டர்களும் தேவைப்படுவது இதனால்தான்.

காற்று தீர்ந்ததும் மனிதர் செய்வது மேலே பாய்வது. அங்கேதான் பாயிலின் விதி காத்திருக்கிறது. அழுத்தம் பாதியானால் வாயுவின் கனஅளவு இரட்டிக்கும் என்று ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்டது எந்த விலக்கும் இன்றி நுரையீரலுக்கும் பொருந்துகிறது. 10 மீட்டரில் முழுமூச்சாக இழுத்த 6 லிட்டர் காற்று, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலின் நுண்ணறைகள் கிழிகின்றன. குமிழிகள் ரத்தத்தில் ஏறி, இதயத்தின் இடப்பக்கம் வழியாக நேரே மூளைக்குப் போகின்றன. மேற்பரப்புக்கு வந்த சில நிமிடங்களுக்குள் பக்கவாதம் வந்தவர்போல் ஆள் சரிவதைப் படகில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். 20 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரும்போது காற்று ஒன்றரை மடங்காகிறது. 10 மீட்டரிலிருந்து மேலே வரும்போதோ இரண்டு மடங்கு. ஆழம் குறைந்த இடமே விரிவு மிகுந்த இடம். 'பத்து மீட்டர்தானே, குழந்தைகூட இறங்கலாம்' என்று சுற்றுலாத் தலங்களில் சொல்லப்படும்போது இந்த இயற்பியல் மறைக்கப்படுகிறது. நீச்சல்குளத்தின் ஆழமான பக்கத்தில்கூட இவ்விபத்து நேரக்கூடும் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது முக்குளிப்பின் முதல் பாடமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி இதயம். கழுத்தளவு நீரில் நின்றாலே கால்களிலும் வயிற்றிலும் தேங்கிய ரத்தம் அரை லிட்டருக்கும் மேல் மார்புக்கு நகர்கிறது. இதயத்தின் அறைகள் விரிகின்றன. உடலில் நீர் கூடிவிட்டதாக எண்ணிச் சிறுநீரகம் அதிகச் சிறுநீரைப் பிரிக்கிறது. குளிர்ந்த நீர் என்றால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது. அடர்த்தி கூடிய காற்றை இழுத்து விடுவதே உழைப்பு, அதன்மேல் படகுக்குத் திரும்ப நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் உழைப்பு. சிலருக்கு இந்தச் சுமையில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. கடல்நீர் உள்ளே போகாமலேயே, தங்கள் உடலின் நீரிலேயே மூச்சுத் திணறுகிறார்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. 947 மரண ஆய்வில் இதயக் கோளாற்று மரணங்கள் ஏற்கெனவே இருந்த இதயநோயோடும் நாற்பதைத் தாண்டிய வயதோடும் தொடர்புகொண்டிருந்தன. இங்கே தடம்புரளச் செய்த நிகழ்வைப் பெரும்பாலும் கடலில் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தேட வேண்டிய இடம் வீட்டின் மருந்துப்பெட்டி.

அதற்காகத்தான் முக்குளிக்க வருபவர் நிரப்பும் மருத்துவக் கேள்விப்படிவம் இருக்கிறது. 2020-இல் அது திருத்தி எழுதப்பட்டது. இதயநோய், வலிப்பு, ஆஸ்துமா, நுரையீரல் சுருங்கிய வரலாறு, சர்க்கரை, காது அறுவை போன்றவற்றைக் கேட்கிறது. குறிப்பிட்ட கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் மருத்துவர் ஒப்புதல் வேண்டும். இதற்கு எதிராக நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கேள்விகளைக் கூட்டினால் மக்கள் பொய் சொல்வார்கள், உண்மை சொன்னவர் மட்டும் கரையில் நிற்பார், பொய் சொன்னவர் கடலுக்குப் போவார். இது நடக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பொய் ஏன் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். விடுமுறைக்கு வந்து, முன்பணம் கட்டி, குடும்பத்தோடு படகுத்துறையில் வரிசையில் நிற்பவர் கையில் படிவத்தைக் கொடுத்தால் அவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றுதான் எழுதுவார். அதே படிவம் மூன்று வாரம் முன்பு வீட்டுக்கு வந்திருந்தால், குடும்ப மருத்துவரைப் பார்த்து ஒரு டிரெட்மில் பரிசோதனை செய்துகொள்ள அவருக்கு அவகாசம் இருந்திருக்கும். சர்க்கரைநோய் இருந்தாலே விலக்கு என்ற பழைய போக்கு மாறி, கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு வழிமுறைகள் வந்துவிட்டன. ஒளிக்காமல் சொன்னால் பலருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. படிவம் தவறில்லை, அதைத் தரும் நேரம்தான் தவறு.

இதே பொருளில் எதிர்த்திசை ஆட்சேபமும் உண்டு: அப்படியானால் எல்லோரையும் எல்லாவற்றுக்கும் பரிசோதிக்கலாமே? இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறக்கும்போது இருக்கும் துளை, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை. அந்தத் துளை வழியாக நைட்ரஜன் குமிழிகள் நுரையீரலின் வடிகட்டலைத் தப்பி மூளைக்குப் போகக்கூடும். ஆனாலும் துளை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் சிக்கலின்றி முக்குளிக்கிறார்கள். எல்லோரையும் ஸ்கேன் செய்தால் ஏராளமானோரை வீணாகக் கலங்கடிப்போம். காரணமில்லாமல் அழுத்தக்குறைவு நோய் ஒருமுறைக்கு மேல் வந்தவரைச் சோதிப்பதே பொருத்தம். எங்கே மரணங்கள் மிகுதியோ அங்கே கேள்வியைக் குவிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவரின் இதய ரத்தக்குழாய்களே அந்த இடம்.

அழுத்தக்குறைவு நோயைக் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். அது இன்று அரிதாக இருப்பதே ஒரு நூற்றாண்டு அறிவியலின் சாதனை. 1870-களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ், புரூக்லின் பாலங்களுக்கு ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் அடித்தளம் தோண்டிய தொழிலாளர்கள் மேலே வந்ததும் மூட்டுவலியில் மடங்கினார்கள், சிலர் இறந்தார்கள். புரூக்லின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங் அந்நோயால் முடங்கினார். பால் பெர்ட் 1878-இல் நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்று காட்டினார். ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, படிப்படியாக ஏறும் அட்டவணையை 1908-இல் தந்தார். இன்று மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றின் கணக்கு அந்த வழியில் வந்ததே. இதன் பலனாக, பொழுதுபோக்கு முக்குளிப்பில் 10,000 முறை இறங்கினால் சில தடவை என்ற அளவுக்கு அந்நோய் குறைந்திருக்கிறது.

ஆனால் இந்தச் சாதனையே ஒரு மயக்கத்தையும் தருகிறது. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், பிறகென்ன என்கிறார்கள். கம்ப்யூட்டர் அளப்பது ஆழத்தையும் நேரத்தையும். அதைக் கட்டியிருப்பவரின் ரத்தத்தை அது அளப்பதில்லை. நேற்றிரவு குடித்தவரா, தண்ணீர் போதாமல் வறண்டவரா, எதிர்நீரோட்டத்தில் உழைத்தவரா என்பது அதற்குத் தெரியாது. அட்டவணைக்குள் நின்றவர்களின் ரத்தத்திலும் அறிகுறியே இல்லாத குமிழிகளை டாப்ளர் கருவி கண்டுபிடித்திருக்கிறது. அது காட்டும் எல்லையை மதில் என்று கருதாமல், விளிம்பு என்று கருதிச் சற்று உள்ளேயே நிற்பது நல்லது. முக்குளித்த அன்றே ஊர் திரும்ப விமானம் ஏறக் கூடாது என்பதும் இதன் தொடர்ச்சி. ஒருமுறை இறங்கியவருக்குக் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் இறங்கியவருக்கு 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் தரையைவிடக் குறைவு. பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே இம்முடிவு எடுக்கப்பட வேண்டும். தோளில் வலி, தோலில் மரத்த உணர்வு, விளக்க முடியாத களைப்பு வந்தால் 'சிலிண்டர் தூக்கிய வலி' என்று சமாதானம் சொல்லிக்கொள்வது இந்நோயில் வழக்கம். அந்தச் சமாதானத்தில் மணிக்கணக்கு வீணாகிறது. உடனே தூய ஆக்ஸிஜன் தர வேண்டும், அழுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுத்து ஏறத்தாழ 5 மணி நேரம் சிகிச்சை நடக்கும். நோயாளியை மறுபடி கடலுக்குள் இறக்கி வலியைப் போக்கப் பார்ப்பது, அதற்கென்றே பயிற்சியும் ஆயத்தமும் இல்லாத இடத்தில், உயிரோடு விளையாடுவது.

காது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முக்குளிப்பில் மிக அதிகம் நேரும் காயம் அதுதான். மூக்கைப் பொத்தி ஊதிக் காதை விடுவிக்க முடியாதவர், சளி பிடித்தவர், அன்று இறங்கக் கூடாது. மூக்கடைப்பு நீக்கும் மாத்திரை போட்டு இறங்கி, கீழே அதன் வேகம் தீர்ந்தால் ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும்.

மொத்தத்தில் இவ்வளவு கவலை தேவையா என்று கேட்கலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் காப்பீட்டு உறுப்பினர்களிடையே ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்கு 16.4 மரணம், பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் உறுப்பினர்களிடையே 14.4. சாலை விபத்தில் சாவோரின் விகிதத்தோடு ஒப்பிடக்கூடியதுதான் என்று இதைப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் பலர் அன்றாடம் சாலையில் இருக்கிறார்கள், முக்குளிப்பவர் வருடத்தில் சில மணி நேரமே நீரடியில் இருக்கிறார். மணிக்கணக்கில் பார்த்தால் ஒப்பீடு நிற்காது. மேலும் காப்பீடு எடுத்து, சங்கத்தில் சேர்ந்தவர்கள் எச்சரிக்கையானவர்கள். வாழ்நாளில் ஒருமுறை இறங்கும் சுற்றுலாப் பயணி அந்தக் கணக்கில் இல்லை. சராசரி என்பது எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்ட ஆபத்தும் அல்ல. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மரணங்களை ஆராய்ந்த கார்ல் எட்மண்ட்ஸும் டக்ளஸ் வாக்கரும் கண்டது: இறந்தவர்களில் 90 விழுக்காட்டினர், நீரில் இறங்குவதற்காக இடுப்பில் கட்டிய ஈயப் பட்டையைக் கழற்றவேயில்லை, 86 விழுக்காட்டினர் இறக்கும்போது தனியே இருந்தார்கள். ஒரு கொக்கியை இழுத்தால் விழுந்துவிடும் பட்டை அது. கொக்கி எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. மூளை பதறும்போது, பலமுறை கைக்குப் பழகியது மட்டுமே நடக்கிறது. ஜோடியாக இறங்கியவர்கள் பாதியில் பிரிந்துபோவதும் இப்படித்தான்: பிரிந்தால் எத்தனை நேரம் தேடுவது, எப்போது மேலேறுவது என்று படகில் பேசிவைக்காதவர்கள் கீழே பேச முடியாது.

புதுச்சேரியிலும் அந்தமானின் ஸ்வராஜ் தீவிலும் திருகோணமலையின் புறாத்தீவிலும் 'நீச்சல் தெரிய வேண்டாம்' என்று அழைத்து முதன்முறையாக இறக்கும் முக்குளிப்புகள் பெருகிவருவதை நான் வெறுப்பவனல்ல. பவளப்பாறையை ஒருமுறை கண்டவர் கடலைக் குப்பைத்தொட்டியாக எண்ணுவது கடினம். அங்கே முடிவு முழுக்கப் பயிற்றுநர் கையில் இருக்கிறது, அதனால் அவர் எத்தனை பேரை ஒரே நேரத்தில் இறக்குகிறார் என்பதே பாதுகாப்பின் அளவு. ஆனால் எந்தப் பயிற்றுநராலும் வருபவரின் மார்புவலியை வெளியிலிருந்து காண முடியாது. வருபவர் சொல்ல வேண்டும், சொன்னால் நட்டமில்லை என்ற நிலை வேண்டும். இறங்க வேண்டாம் என்று படகில் கடைசி நிமிடத்தில் சொன்னவருக்கும் படிவத்தில் 'ஆம்' எழுதியவருக்கும் கட்டணம் முழுதாகத் திரும்பும் என்று முன்பதிவிலேயே எழுதிக் கொடுப்பதை உரிமம் தரும் அரசுத் துறைகள் கட்டாயமாக்கலாம். மருத்துவப் படிவம் பணம் கட்டும் முன்பே வீட்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு படகிலும் ஆக்ஸிஜன் இருக்க வேண்டும், அருகிலுள்ள அழுத்த அறை எங்கே, அங்கே போகும் வழி என்ன, எவரை அழைக்க வேண்டும் என்பது கரையில் பலகையில் எழுதியிருக்க வேண்டும். பதிவு செய்யும் முன் இவற்றைத் தொலைபேசியில் கேட்டு, தெளிவான பதில் வராத இடத்தைத் தவிர்க்கும் உரிமை வாடிக்கையாளருக்கு இன்றே இருக்கிறது.